பேக்கிங் ஹாலுக்கு இரண்டாவது வழி

உடுமலைப்பேட்டை
6 பிப்ரவரி 2023

மாப்பிள்ளை ஜெபக்குமார் அவர்களுக்கு,

போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவர் செய்யக்கூடாத காரியம் அது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும்.

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. "நாங்க பொண்ணு குடுத்தது டெலிபோன் டிபார்ட்மென்டுக்குங்க, பனியன் கம்பெனியில வயரு இழுக்கறவருக்கு இல்லீங்க" என்றேன். அது கடுமையான பேச்சுதான். பொய் அல்ல. என் கணவர் திருப்பூர் எக்ஸ்சேஞ்சில் அதிகாரியாக இருந்தபோது அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்களில் உங்களைத்தான் பொறுக்கியெடுத்தார். நாசரேத்துப் பக்கத்து ஆள், சொந்தபந்தம் யாரும் இந்தப் பக்கம் இல்லை என்று என் அண்ணன்மார் தயங்கினார்கள். "வேலை தெரிஞ்ச ஆளு" என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிட்டார். அந்த வேலைதான் அப்போது எங்களுக்குத் தெரிந்தது.

எல்லோரும் விருப்ப ஓய்வு வாங்கியபோது நீங்களும் வாங்கினீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஓய்வு பெற்றவர் ஓய்வாக இருக்கலாம், அல்லது மரியாதையான ஒரு இடத்தில் உட்காரலாம். என் சர்ச்சில் இருக்கும் ஞானாம்பாள் பெருமாநல்லூரில் உங்கள் கம்பெனிக்கு ஏதோ வேலையாகப் போயிருக்கிறாள். ஏணி உச்சியில், தோளில் கேபிள் வளையத்தோடு உங்களைப் பார்த்தாளாம். ஆராதனை முடிந்து ஜனம் கலைவதற்குள் என்னிடம் வந்து சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கான்வென்ட் பள்ளியில் அலுவலகக் கண்காணிப்பாளர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். தாளாளர் சிஸ்டர் ஜெசிந்தா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அந்த இடத்துக்கு உங்களைக் கேட்டேன். சரி என்றார். நீங்கள் வருவீர்கள் என்று வார்த்தை கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் முடிவதற்குள் உங்கள் ஒப்புதல் அவர் கைக்குப் போக வேண்டும். கொடுத்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் திரும்ப வாங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

என் மகள் கீதாஞ்சலிக்கு இருமல் விட்டதா என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.

விஜயகுமாரி டேனியல்


திருப்பூர்
17 பிப்ரவரி 2023

அன்புள்ள அத்தை,

போனை வைத்தது தவறு. வைக்காமல் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய தவறாக ஏதாவது பேசியிருப்பேன். மன்னியுங்கள்.

ஞானாம்பாள் அம்மா பார்த்தது என்னைத்தான். அன்று ஏணியில் ஏற வேறு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நான்தான் ஏறியிருப்பேன். இலாகாவில் கம்பத்தில் ஏறியபோது யாரும் வந்து உங்களிடம் சொல்லவில்லையே.

ஓய்வுக்குப் பிறகு நடந்தவற்றை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. கையில் இருந்தது இன்டர்காம் வேலைதான். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பழுது பார்த்தேன். போன இடத்திலெல்லாம், "அதையெல்லாம் கழட்டிப் போட்டுருங்க சார், எங்க ஆளுக வாட்ஸப்புலயே பேசிக்கறாங்க" என்றார்கள். நானே பொருத்திய பெட்டிகளை நானே கழற்றினேன். ஒரு கம்பெனியில், "அப்படியே எங்க நெட்வொர்க்கையும் ஒருக்காப் பாத்துக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேலையில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.

பிறகுதான் கோயம்புத்தூரில் நெட்வொர்க் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் அங்கிருந்த பெண், "பையனச் சேர்க்க வந்தீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். படிவத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு சார் என்றாள்.

இப்போது இருக்கும் கம்பெனியில் எல்லாமே கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. துணி வெட்டுவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பிகளையெல்லாம் நான் பார்க்கிறேன். எனக்கு மேலே சரவணக்குமார் என்று ஒரு மேனேஜர். என் வயதில் பாதி. தங்கமான பையன், ஆனால் நான் பேசுவதில் பாதி அவருக்குச் சிரிப்பாக இருக்கிறது. கேபிளைச் சோதிக்கும்போது பழக்கத்தில் ஒருநாள் "ஹலோ" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பேக்கிங் ஹாலில் எனக்கு ஹலோ சார் என்று பெயர். அந்த ஹாலின் சூப்பர்வைசர் பழனாத்தாள் வைத்தது.

பள்ளி வேலை நல்ல வேலைதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் வரை விடுங்கள்.

கீதாவுக்கு இருமல் இல்லை. உங்களுக்கு எழுதச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் எழுதி முடிங்க, அப்பறம் நான் எழுதறேன்" என்கிறாள்.

ஜெபக்குமார்


உடுமலைப்பேட்டை
27 பிப்ரவரி 2023

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் உறையில் பின்கோடு இல்லை. தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் வந்து சேர்ந்தது.

கடிதம் முழுவதும் நெட்வொர்க், நெட்வொர்க் என்று இருக்கிறதே ஒழிய அது என்ன என்று ஒரு வரி இல்லை. கணக்கு ஓடுகிறது என்கிறீர்கள். எதன் மீது, எப்படி? டெலிபோனில் ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. அது எக்ஸ்சேஞ்சில் வந்து சேரும். அங்கிருந்து இணைப்பு. இது எனக்குத் தெரியும். உங்கள் கம்பெனியில் ஒரே கம்பியில் நூறு பேர் வேலை நடக்கிறது என்று கீதா சொன்னாள். ஒரே கம்பியில் எல்லோரும் பேசினால் யார் பேச்சு யாருக்குப் போகும்? இதற்கு எனக்குப் புரிகிற மாதிரி பதில் எழுத முடியாவிட்டால், வேலை உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

எழுதும்போது குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டாம். நான் வெளியூர்ப் பேச்சுகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்தவள். கல்கத்தாவுக்கும் லூதியானாவுக்கும் கால் போட்டுவிட்டுத் திருப்பூர்க்காரர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். அர்ஜென்ட் கால் எது, அதைவிட அவசரமான லைட்னிங் கால் எது, எந்த முதலாளி கூடுதலாக ஒரு நிமிடம் கேட்பார் என்பதெல்லாம் குரலை வைத்தே எனக்குத் தெரியும். ஒரு நாளும் இணைப்பு மாற்றிக் கொடுத்ததில்லை.

சிஸ்டர் ஜெசிந்தா உங்களைப் பற்றி மறுபடியும் கேட்டார். ஏப்ரல் என்று சொல்லியிருக்கிறேன்.

விஜயகுமாரி டேனியல்


திருப்பூர்
11 மார்ச் 2023

அன்புள்ள அத்தை,

பின்கோடு எழுதியிருக்கிறேன்.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. வகுப்பில் நான் கேட்டதும் இதுதான். உங்கள் போர்டில் ஒருவர் கல்கத்தாவோடு பேசினால், முடிக்கும்வரை அந்த வழி அவருக்கே சொந்தம். அவர் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் வேறு யாரும் அதில் நுழைய முடியாது. இங்கே வழி யாருக்கும் சொந்தமில்லை. சேதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் யாருக்கு என்று விலாசம் போட்டு, எல்லோருடைய துண்டுகளையும் ஒரே கம்பியில் அனுப்புகிறார்கள். கம்பிகள் வந்து சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்கு சுவிட்ச் என்று பெயர். விளக்கு போடுகிற சுவிட்ச் அல்ல. அது விலாசத்தைப் பார்த்துத் துண்டுகளைப் பிரித்து அனுப்பும். விலாசம் தெரியாத துண்டு வந்தால், வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழியிலும் அனுப்பி, "இது யாருக்கு?" என்று கேட்கும். உரியவர் பதில் சொன்னதும் அடுத்த முறைக்கு நினைவில் வைத்துக்கொள்ளும். போர்டில் உட்கார்ந்து நீங்கள் செய்ததைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது. குரலை அடையாளம் காண்பது மட்டும் அதற்குத் தெரியாது.

சரவணக்குமாரிடம் உங்கள் கேள்வியைச் சொன்னேன். "உங்க அத்தைய இன்டர்வியூவுக்கு வரச் சொல்லுங்க சார்" என்றார்.

இந்த வாரம் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். அது யாரும் சொல்லாமல் நானாக எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அறையிலிருந்து பேக்கிங் ஹாலுக்குக் கூரை வழியாக ஒரே ஒரு கேபிள் போகிறது. அங்கே பெட்டிகளில் ஒட்டுகிற ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தால்தான் சரக்கு வெளியே போகும். தீபாவளிக்கு முன்னால் எலி அதைக் கடித்து அரை நாள் வேலை நின்றதாம். மாமா எங்களுக்குப் போட்ட விதி உங்களுக்கு நினைவிருக்கும். எந்த ஊரையும் ஒரே கேபிளில் விடக்கூடாது, வேறு பாதையில் இன்னொன்று கட்டாயம் வேண்டும், இரண்டும் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும் என்பார். சும்மா கிடக்கிற கம்பி செத்துப்போனால் தேவைப்படும்போதுதான் தெரியும் என்பது அவர் கணக்கு. அதன்படி காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பேக்கிங் ஹாலுக்கு இரண்டாவது கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழனாத்தாள் வேலையை வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏனுங்க ஹலோ சார், ஒண்ணு ஓடறப்பவே எங்கள வெரட்டறீங்க. ரெண்டு ஓடுனா ரெட்டச் சம்பளமுங்களா?" என்றாள்.

மாமா இருந்திருந்தால் அந்தக் கேபிளை வந்து பார்த்திருப்பார்.

ஜெபக்குமார்


திருப்பூர்
1 ஏப்ரல் 2023

அன்புள்ள அத்தை,

பள்ளி வேலையை ஏற்றுக்கொள்கிறேன். ஜூன் முதல் தேதி சேர்ந்துவிடுவதாக சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கம்பெனியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் கம்பெனியிலிருந்து பெரிய சரக்கு ஒன்று தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் இரண்டாவது கேபிளின் கடைசி முனையை இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் பேக்கிங் ஹாலில் ஸ்கேன் நின்றது. பிறகு கேமரா, ஆபீஸ், வெட்டுகிற பிரிவு என்று ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மதியம் தாண்டியும் அப்படியே இருந்தது. லாரிகள் வாசலில் நின்றன. சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனது.

அத்தனைக்கும் காரணம் நான் போட்ட கேபிள். இந்த வேலையில் நான் கற்றது போதாது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள்.

ஜெபக்குமார்


உடுமலைப்பேட்டை
10 ஏப்ரல் 2023

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஈஸ்டருக்குக் கீதா மட்டும் வந்தாள். உங்களுக்குத் தலைவலி என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை சிஸ்டரிடம் இன்னும் கொண்டுபோகவில்லை. அதில் முடிவு இருக்கிறது, விவரம் இல்லை. இரண்டு கம்பி இருந்தால் ஒரு கம்பியைவிட நல்லதுதானே? அது எப்படி எல்லாவற்றையும் நிறுத்தும்? அந்த விதி என் கணவருடையது. அதனால் இதை அறிய எனக்கு உரிமை உண்டு.

அடுத்து, கோளாறு உங்கள் கேபிளால் என்று கண்டுபிடித்தது யார்? அதை மேனேஜரிடம் சொன்னது யார்? விலகல் கடிதத்தை அவர்கள் கேட்டார்களா, நீங்களாகக் கொடுத்தீர்களா? அந்தக் கடிதம் இப்போது யார் கையில் இருக்கிறது?

"நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏணியில் ஏறுவதைப் பற்றித்தான் சொன்னேன். உங்களுக்கு வேலை தெரியாது என்று நான் எப்போதும் சொன்னதில்லை. சொல்லாததை என் பெயரில் எழுத வேண்டாம்.

விஜயகுமாரி டேனியல்


திருப்பூர்
15 ஏப்ரல் 2023

அன்புள்ள அத்தை,

நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன்.

டெலிபோனில் இரண்டு வழி இருந்தால் ஒரு பேச்சு ஏதாவது ஒன்றில் போகும். மற்றது காத்திருக்கும். யார் பேச்சை எதில் விடுவது என்று எக்ஸ்சேஞ்ச் தீர்மானிக்கும். எங்கள் கம்பெனியில் இருந்த பெட்டிகள் மலிவானவை. தீர்மானிக்கிற புத்தி அவற்றுக்குக் கிடையாது. விலாசம் தெரியாத துண்டு வந்தால் எல்லா வழியிலும் அனுப்பும் என்று எழுதினேன் அல்லவா? ஒரு பெட்டி அதை இரண்டு கேபிளிலும் அனுப்பியது. அந்தப் பக்கத்துப் பெட்டி, ஒன்றில் வந்ததை மற்றதில் திருப்பி அனுப்பியது. இது மறுபடியும் அனுப்பியது. எங்கும் போய்ச் சேராமல் அதே துண்டுகள் சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்ச நேரத்தில் வழி முழுக்க அவையே நிறைந்துவிட்டன. உண்மையான சேதிக்கு இடமில்லை. இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருந்ததுதான் கோளாறு.

நான் அதைக் கோளாறாகவே நினைக்கவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது என்று அறுந்த இடத்தைத் தேடினேன். கூரைக்கு மேல் முழுக்கத் தடவிப் பார்த்தேன். எதுவும் அறுந்திருக்கவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது. பெட்டிகளின் விளக்குகள் எல்லாம் வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தன. லைனில் உயிர் இருக்கிறது என்று அதைப் பார்த்து ஆறுதல் வேறு அடைந்தேன். டெலிபோன்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது.

கண்டுபிடித்தது நான்தான். பழைய கேபிளைச் சோதிப்பதற்காகப் புதியதைக் கழற்றினேன். விளக்குகள் அடங்கின, ஹாலில் ஸ்கேன் ஓடியது. சந்தேகத்துக்கு மறுபடி இணைத்தேன். மறுபடி நின்றது. அப்போது மாடியில் கம்ப்யூட்டர் அறையில் என்னோடு யாரும் இல்லை. கீழே சரவணக்குமார் இன்டர்நெட் கம்பெனி ஆளைப் போனில் வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள் தப்பு தன் பக்கம்தான் என்று நம்பி மன்னிப்பே கேட்டுவிட்டானாம். நான் இறங்கிப் போய், "தம்பி, போன வைங்க. நான் போட்ட கேபிளு" என்றேன்.

"அது ஸ்பேர்தானுங்களே சார்?"

"ரெண்டு முனையும் சொருகி வச்சிருந்தேன்."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சார், இது போன் இல்லீங்க சார்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலுக்குப் போனேன். பழனாத்தாள் ஆட்களோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். "யாருங்க சார் அது, எந்தக் கொள்ளைல போறவன் பண்ணுன வேல?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் கேலி செய்யவில்லை. "போயித் தண்ணி குடிங்க சாமி" என்றாள். அவள் என்னைவிட இளையவள். எனக்கு அந்தச் சாமிதான் தாங்கவில்லை. மறுநாள் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். முதலாளி ஜெர்மனியில் இருக்கிறார், மாதக் கடைசியில் வருவார். கடிதம் சரவணக்குமாரிடம் இருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டு, புத்தியுள்ள சுவிட்ச் வேறு வகையில் இருக்கிறது, அது ஒரு வழியைத் தூங்க வைத்து மற்றது போனால் எழுப்பும், அதை அமைக்கக் கற்றுக்கொள்ளலாம் சார் என்றார். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இதில் மாமாவின் விதியைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஜெபக்குமார்


உடுமலைப்பேட்டை
24 ஏப்ரல் 2023

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். விவரம் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை கான்வென்டுக்குப் போனேன்.

சிஸ்டர் ஜெசிந்தா தோட்டத்தில் செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். "என்ன விஜி, மருமகன் வரமாட்டேன்னுட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர். வரேன்னு எழுதிட்டார். அதனாலதான் வந்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும்படி சொன்னேன். பள்ளியிலேயே ராமாத்தாள் என்று ஒரு கணக்கர் இருக்கிறாராம், பல வருடமாக அந்த இடத்தை எதிர்பார்த்தவராம். அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலையே உத்தரவு எழுதியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறேன். இனி யார் கேட்டாலும் அது திரும்பக் கிடைக்காது.

சிஸ்டர் விடவில்லை. "நீயாத்தான வந்து கேட்ட? வார்த்தை குடுத்தது நீதான?" என்றார். பள்ளியில் என்னிடம் கணக்கில் ஒரு மதிப்பெண்ணில் தோற்றதற்கு ஒரு மாதம் பேசாமலிருந்தவர் அவர். இப்போது கொஞ்சம் மகிழ்ச்சியாகவே இருந்தார். இருக்கட்டும்.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கோபம் வந்தால் வரட்டும்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கீதாவுக்கும் தெரியாது. திருப்பூருக்கு எஸ்.டி.டி. வந்து எல்லோரும் நேராக டயல் செய்யத் தொடங்கியதும் ட்ரங்க் போர்டில் ஆட்களைக் குறைத்தார்கள். புதிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு மெட்ராஸில் பயிற்சி கொடுப்பதாகவும், விரும்புகிறவர்கள் போகலாம் என்றும் சொன்னார்கள். நான் விண்ணப்பித்தேன். பெயர் வந்தது. அதே சமயம் என் கணவர் பில் பிரிவில் எனக்கு ஒரு இடம் கேட்டு வாங்கிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கீதா சின்னக் குழந்தை. பயிற்சிக்கு அனுப்பிய புத்தகத்தில் முதல் பக்கமே புரியாமல் போனதும், என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டேன். பில் பிரிவு இருக்கிறதே என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதும் அதே வார்த்தைதான். அது நல்ல நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. ஓய்வு பெறும்வரை அதில் உட்கார்ந்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எதுவும் இல்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை சரவணக்குமாரிடம் போங்கள். முதலாளி வருவதற்கு முன் போக வேண்டும். நான் சொல்லிப் போகிறீர்கள் என்று இருக்க வேண்டாம். போக வேறு இடம் இல்லை என்பதால் போங்கள்.

அவருடைய விதியில் "இரண்டும் எப்போதும் இணைப்பில்" என்ற பகுதி அந்தக் காலத்து வேலைக்குச் சரி. அவர் இருந்திருந்தால் திருத்தியிருப்பார். அவர் பிடிவாதக்காரர் அல்ல, நான்தான்.

விஜயகுமாரி டேனியல்


திருப்பூர்
19 ஜூன் 2023

அன்புள்ள அத்தை,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் இருந்தது, ஒரு வாரத்தில் போய்விட்டது. எழுத ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமையே போனேன். சரவணக்குமார் என் முகத்தைப் பார்த்ததும், "லெட்டரத் திருப்பிக் கேக்க வந்தீங்களாங்க சார்?" என்றார். ஆமாம் என்றேன். "எம்.டி. நேத்தே வந்துட்டாருங்க. டேபிள்ல வச்சுட்டேன். நீங்களே போய்க் கேட்டுக்கங்க" என்றார்.

கண்ணாடி அறைக்கு வெளியே வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. தையல் பிரிவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே கூப்பிட்டு முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தப்பு உங்களுடையது என்று சரவணக்குமார் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் ஆகியிருக்கும், ஒருவேளை கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம் என்றேன். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போங்க. மறுபடி ஒருக்கா நடந்துச்சுன்னா நீங்க எழுத வேண்டாமுங்க, நானே டைப் பண்ணிக் குடுத்தர்றேன்" என்றார்.

நீங்கள் இடத்தை ராமாத்தாளுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த அறை வாசலில் நான் அத்தனை நேரம் நின்றிருக்க மாட்டேன். பாதியில் கிளம்பி வந்திருப்பேன். இதை நன்றியாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

புதிய சுவிட்சுகள் மே கடைசியில் வந்தன. அவற்றோடு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். கீதா அதை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் என்னைக் கேள்வி கேட்டாள். பதில் தெரியாவிட்டால் உங்களைப் போலவே முகத்தை வைத்துக்கொள்கிறாள். எந்த வழி விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று நானே எழுதி அமைத்தேன். சரவணக்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்தில் திருத்தினார்.

இன்று காலை சோதனை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். வேலை நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முதலாளியிடம் அனுமதி வாங்கினோம். ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளைக் கழற்றப் போகிறேன், நின்றால் சத்தம் போடுங்கள் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மார்ச் மாதம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒருத்தி வீட்டுக்குப் போக டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் ஹாலின் மூலையில் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றேன். சரவணக்குமார் கம்ப்யூட்டர் அறையிலிருந்து போனில் இருந்தார். அவர் மூச்சு கேட்டது. மேசையில் ஸ்கேன் செய்கிற பீப் சத்தம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. சரக்குப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன.

பழனாத்தாள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்காமல் கத்தினாள். "ஏனுங்க ஹலோ சார், எங்களுக்கு வேல கெடக்குதுங்க. கழட்டறதுன்னா வெரசாக் கழட்டித் தொலைங்க!"

கழற்றிய முனை கொஞ்ச நேரமாகவே என் கையில்தான் இருந்தது.

ஜெபக்குமார்